ஊசி போட்ட பிறகு நாலு வாய்தான் இறங்குகிறது: அந்த நாலு வாய் எதுவாக இருக்க வேண்டும்?

சாட்ஸ்வர்த்_ஆயா | ஞாயிறு, இரவு 8.15

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 69 வயது. தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வர்த்தில் மகன், மருமகளோடு இருக்கிறேன். சர்க்கரை வந்து 17 வருடம் ஆகிறது. மே மாதம் டாக்டர் செமாகுளுடைடு ஊசி எழுதிக் கொடுத்தார். வாரம் ஒன்று. முதல் நாலு வாரம் 0.25 மில்லிகிராம், அப்புறம் 0.5, இப்போது 1. அப்போது 84 கிலோ இருந்தேன், நேற்று பார்த்தபோது 77. முழங்கால் வலி பாதியாகக் குறைந்தது. காலையில் 11, 12 என்று காட்டிய சர்க்கரை (இங்கே mmol/L கணக்கு) இப்போது 6, 7 என்று நிற்கிறது. மருந்தைப் பற்றி எனக்குக் குறை இல்லை.

என் கவலை சாப்பாடு. மருமகள் தட்டில் போட்டு வைப்பாள், நாலு வாய் போனதும் கழுத்து வரை நிரம்பிவிடும். அந்த நாலு வாயும் ரசச் சோறாகவே போகிறது, அதுதான் சுலபமாக இறங்குகிறது. கறி வாசனை வந்தாலே குமட்டல். சாயங்காலம் டீயில் ரஸ்க் நனைத்துச் சாப்பிட்டால் அன்றைய சாப்பாடு முடிந்தது.

போன வாரம் கோயில் மண்டபத்தில் பாயில் உட்கார்ந்தேன். பூஜை முடிந்து எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்கக் கையில் பிடி இல்லை. எடை குறைந்தால் உடம்பு லேசாக வேண்டும், எனக்கு ஏன் பாரமாகிறது?

கிளினிக்கில் ஒரு தாள் கொடுத்தார்கள். சாலட், கினோவா, அவகாடோ என்று போட்டிருக்கிறது. பருப்பு, பீன்ஸ், ரொட்டி, மீலி மாவு (மக்காச்சோள மாவு) எதுவும் அதில் இல்லை. எந்த வயதுக்காரருக்கு என்றும் இல்லை. மூன்று வாரத்தில் புரட்டாசி வேறு பிறக்கிறது. கறி, மீன், முட்டை மூன்றும் எங்கள் வீட்டில் அந்த மாதம் கிடையாது. வயிறு ஒரு சின்ன டம்ளர் அளவுதான் என்றால் அந்த டம்ளரில் எதை ஊற்றுவது? இதே வயதில் ஊசி போடுகிறவர்கள் சொல்லுங்கள்.

---

மெரிபேங்க்_நர்ஸ் | ஞாயிறு, இரவு 9.40

அக்கா, நான் 31 வருடம் வார்டிலும் சர்க்கரை கிளினிக்கிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நீங்கள் கேட்ட கடைசிக் கேள்விதான் சரியான கேள்வி.

உங்கள் உடம்பு பாரமாகத் தெரிவதற்குக் காரணம், போன ஏழு கிலோவும் கொழுப்பு மட்டும் இல்லை என்பதுதான். எந்த வழியில் எடை குறைந்தாலும் கொஞ்சம் தசையும் சேர்ந்தே போகும். செமாகுளுடைடு பற்றி 2021இல் வெளிவந்த பெரிய ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீத எடை குறைந்தது. அதில் ஒரு சிறு குழுவினருக்கு உடம்பை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். குறைந்த எடையில் சுமார் 40 சதவீதம் கொழுப்பு அல்லாத பங்கு. ஆய்வில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 46. அந்த வயதில் போன தசையைத் திரும்பச் சேர்ப்பது அவ்வளவு கஷ்டம் இல்லை. நமக்கு ஊசி இல்லாமலே வருடா வருடம் தசை கரைகிறது. அதன் மேல் ரசச் சோறும் ரஸ்க்கும் என்றால் உடம்பு தன் தசையைத்தான் உடைத்துச் சாப்பிடும்.

ஆகவே தட்டில் எது முதலில் என்றால், புரதம். பருப்பு, பீன்ஸ், மீன், கோழி, முட்டை, தயிர், அமாசி (புளித்த பால்), இவற்றில் ஒன்று. அதை முடித்த பிறகு காய் அல்லது கீரை. சோறு கடைசியில், இடம் இருந்தால். நம் வீடுகளில் சோற்றை மலையாகக் குவித்துக் கறியைத் தொட்டுக்கொள்வோம். இனி கறியைச் சாப்பிட்டுவிட்டு சோற்றைத் தொட்டுக்கொள்ளுங்கள்.

அளவு என்ன என்றால், வயதானவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் என்று சொல்வார்கள். உங்களுக்கு 75 கிராம் பக்கம் வைத்துக்கொள்ளலாம், ஆனால் சிறுநீரகம் நன்றாக இருந்தால் மட்டும். கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்ட பிறகே ஆரம்பியுங்கள்.

ஊசியோடு வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? அதைச் சொல்லுங்கள், அது முக்கியம்.

---

ஃபீனிக்ஸ்_தாத்தா | திங்கள், காலை 6.20

எனக்கு 72. நான் போடுவது அதே மாதிரி இன்னொரு வார ஊசி, டிர்செபடைடு, அதாவது மௌஞ்சாரோ. என்ன சாப்பிடக் கூடாது என்பதை நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கற்றுக்கொண்டேன், அதனால் சொல்கிறேன்.

டோஸ் 2.5இலிருந்து 5க்கு ஏற்றிய வாரம். சனிக்கிழமை மகன் மட்டன் பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றியது) வாங்கி வந்தான். கால் ரொட்டி அளவுதான், நாற்பது வருடமாக நான் ஒரே உட்காரலில் முடிக்கிற அளவு. பாதிகூட முடிக்கவில்லை. ஆனால் அந்த ரொட்டி குழம்பை உறிஞ்சி வயிற்றில் ஊறிக்கொண்டே இருந்தது. இந்த ஊசி வயிற்றிலிருந்து சாப்பாடு கீழே இறங்குவதைத் தாமதப்படுத்துகிறது அல்லவா, மத்தியானம் சாப்பிட்டது ராத்திரி பதினொன்றுக்கும் அங்கேயே நின்றது. பிறகு விடியும் வரை வாந்தி. மறுநாள் தண்ணீர் குடித்தாலும் தங்கவில்லை. வாந்தி எடுத்துக்கொண்டே ரத்த அழுத்த மாத்திரையை நேரம் தவறாமல் போட்டேன். திங்கட்கிழமை தலை சுற்றிக் குளியலறையில் விழுந்தேன். இரண்டு நாள் டிரிப் ஏற்றினார்கள். சிறுநீரகம் அடி வாங்கியது, நல்லவேளை திரும்பிவிட்டது.

ஆயா, எண்ணெய் மிதக்கிற கறி, சமோசா, வடை, பெரிய ரொட்டித் துண்டு, இதெல்லாம் டோஸ் ஏற்றிய வாரத்தில் கிட்டவே வேண்டாம்.

---

மெரிபேங்க்_நர்ஸ் | திங்கள், காலை 7.05

அண்ணா சொன்னதில் ஒன்றை எல்லோரும் மனதில் வைக்க வேண்டும். வாந்தியோ பேதியோ நிற்காத நாளில் சில ரத்த அழுத்த மாத்திரைகளும், நீர் பிரியும் மாத்திரையும், மெட்ஃபார்மினும் உடம்புக்கு ஆபத்தாக மாறலாம். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீங்களாகத் தொடரவும் வேண்டாம். அன்றைக்கே போன் போட்டு டாக்டரிடமோ மருந்தகத்திலோ கேளுங்கள். "திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்" என்று இருக்கக் கூடாது.

---

லெனேசியா_மகள் | திங்கள், மதியம் 1.30

என் அம்மாவுக்கு 74, பிறந்ததிலிருந்து சைவம். எட்டு மாதமாக ஊசி போடுகிறார். ஆயா, புரட்டாசியை நினைத்துப் பயப்பட வேண்டாம், எங்கள் வீட்டில் வருடம் முழுக்கப் புரட்டாசிதான்.

முதலில் நானும் தவறு செய்தேன். அம்மா சாப்பிடுவதில்லையே என்று காய்கறி சூப் வைத்துக் கொடுத்தேன். ஒரு கிண்ணம் குடித்தால் வயிறு நிறையும், ஆனால் அதில் இரண்டு கிராம் புரதம் இருந்தால் பெரிது. வயிற்றுக்குள் இருக்கிற கொஞ்ச இடத்தையும் தண்ணீரால் அடைத்துக்கொண்டிருந்தேன். இப்போது தண்ணீர், டீ, ரசம் எல்லாம் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் அல்லது பின்னால்.

அம்மாவுக்கு நன்றாக இறங்குவது சுகர் பீன்ஸ் (புள்ளி போட்ட காய்ந்த பீன்ஸ் விதை). ராத்திரி ஊற வைத்து, குக்கரில் குழைய வேக வைத்து, இஞ்சி பூண்டு தட்டிப் போட்டு, எண்ணெய் ஒரு டீஸ்பூனுக்கு மேல் போகாமல் தாளிப்பேன். பாதியை மசித்துவிடுவேன். அரை கப்பில் 7, 8 கிராம் புரதம் வரும். பனீர் 50 கிராம் என்றால் 9. சோயா மின்ஸ் நல்லது, ஆனால் பொட்டலத்தின் பின்புறம் உப்பின் அளவைப் பாருங்கள், மசாலா சேர்த்து விற்பதில் உப்பு அள்ளிப் போட்டிருக்கிறது. மசாலா சேர்க்காததை வாங்கி ஊற வைத்துப் பிழிந்து, காட்ரா பீன்ஸோடு (உரித்த பச்சை பீன்ஸ் விதை) கிளறினால் அம்மா விரும்பிச் சாப்பிடுகிறார்.

இன்னொன்று பி12. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அது குறையும். மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் சாப்பிட்டாலும் குறையும். அம்மாவுக்கு இரண்டும் சேர்ந்துவிட்டது. கால் மரத்துப்போவதைச் சர்க்கரையால் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பரிசோதித்துப் பாருங்கள்.

---

டொங்காட்_தோட்டம் | திங்கள், மாலை 5.50

யாரையும் புண்படுத்தச் சொல்லவில்லை. ஆனால் மனதில் பட்டதைச் சொல்லத்தான் வேண்டும். நம் முப்பாட்டன்மார் 1860இல் டர்பனில் கப்பல் இறங்கிக் கரும்புக் காட்டில் வேலை செய்தார்கள். அரிசி, பருப்பு, உப்புக் கருவாடு, மீலி மாவு, அவ்வளவுதான் ரேஷன். அவர்களுக்கு ஊசி யார் போட்டது? அறுபது எழுபது வயதில் இந்த ஊசிக்காக மாதா மாதம் இத்தனை ரேண்ட் கொடுத்து, சாப்பாடு இறங்கவில்லை என்று அழுவதை விட, சர்க்கரையும் எண்ணெயும் குறைத்து நடந்தால் போதாதா?

---

சாட்ஸ்வர்த்_ஆயா | திங்கள், இரவு 7.45

தம்பி, கோபம் இல்லை. ஆனால் கேளுங்கள். என் தாத்தா கரும்பு வெட்டினார். விடிவதற்கு முன் போய் இருட்டிய பிறகு வருவார். அவர் ஒரு நாளில் எரித்ததை நான் ஒரு வாரத்தில்கூட எரிப்பதில்லை. நான் 26 வருடம் துணி ஃபேக்டரியில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தே வேலை செய்தேன். நடக்கவில்லை என்று நினைக்காதீர்கள், முழங்கால் விட்ட வரை நடந்தேன். எண்ணெயைக் குறைத்தேன், சோற்றைக் குறைத்தேன், ராத்திரியானால் பசி தின்னும். இந்த ஊசி போட்ட பிறகுதான் என் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சாப்பாட்டு நினைப்பு இல்லாமல் ஒரு சாயங்காலத்தைக் கழித்தேன். அது எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

நர்ஸ் தங்கச்சி, கேட்டீர்களே, மெட்ஃபார்மின் இரண்டு வேளை, கிளிக்லசைடு காலையில் ஒன்று, அழுத்தத்துக்கு ஒன்று, கொலஸ்டிராலுக்கு ஒன்று. வெள்ளிக்கிழமை விரதம் இருப்பேன், சாயங்காலம்தான் சாப்பாடு. போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி கோயிலில் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, கண் இருட்டியது. பிரசாதம் கொடுத்தார்கள், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. விரதத்தால் வந்த மயக்கம் என்று விட்டுவிட்டேன்.

---

மெரிபேங்க்_நர்ஸ் | திங்கள், இரவு 8.10

அக்கா, அது விரத மயக்கம் இல்லை, சர்க்கரை இறங்கியிருக்கிறது. எனக்குப் பதறுகிறது.

செமாகுளுடைடு தனியாக இருந்தால் சர்க்கரையை அபாயமாக இறக்குவது அபூர்வம். கிளிக்லசைடு அப்படி இல்லை. நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது கணையத்தைப் பிழிந்துகொண்டே இருக்கும். முன்பு ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டபோது எழுதிய அளவு, இப்போது நாலு வாய்க்கு மிக அதிகம். ஊசி ஆரம்பிக்கும்போதே அதைக் குறைக்கலாமா என்று பார்த்திருக்க வேண்டும். நாளைக்கே டாக்டரைப் பாருங்கள், கோயிலில் நடந்ததை அப்படியே சொல்லுங்கள். அதுவரை விரதம் வேண்டாம். அழுத்த மாத்திரையையும் கேளுங்கள், எடை குறையும்போது அழுத்தமும் இறங்கும், எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால் அதுவும் காரணமாக இருக்கலாம்.

கைப்பையில் குளூக்கோமீட்டர் வையுங்கள். 4க்குக் கீழே காட்டினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்தோ அரை டம்ளர் பழச்சாறோ உடனே குடியுங்கள். பிஸ்கட், ரொட்டி என்று தேடாதீர்கள், உங்கள் வயிறு இப்போது மெதுவாக வேலை செய்கிறது, திட உணவு ரத்தத்தில் சேர நேரமாகும். 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். ஏறிய பிறகு ஏதாவது சாப்பிடுங்கள்.

தோட்டக்காரத் தம்பிக்கு ஒரு வார்த்தை. நடப்பதும் எண்ணெய் குறைப்பதும் நல்லதுதான், ஊசி போட்டாலும் அதைச் செய்யத்தான் வேண்டும். ஆனால் உடம்பின் பசி கட்டுப்பாடு எல்லோருக்கும் ஒன்று இல்லை. 31 வருடம் சர்க்கரையால் கால் எடுத்தவர்களுக்குக் கட்டுப் போட்ட கை இது. ஒருவருக்கு மருந்து தேவைப்பட்டால் அது மனபலம் இல்லாததால் அல்ல.

---

டொங்காட்_தோட்டம் | திங்கள், இரவு 9.25

ஆயா, மன்னியுங்கள். என் அப்பாவுக்கும் கால் எடுத்தார்கள், அதனால்தான் எனக்கு இந்த மருந்து மாத்திரைப் பேச்சே ஆவதில்லை. நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன்.

என் தோட்டத்தில் முளைக்கீரையும் முருங்கையும் நிறைய இருக்கிறது. மலச்சிக்கல் இருக்கிறதா? என் பக்கத்து வீட்டுக்காரரும் இந்த ஊசிதான், அவருக்கு அதுதான் பெரிய தொந்தரவாக இருந்தது. கீரையைப் பருப்போடு கடைந்து கொடுத்தார்கள், பப்பாளி சாப்பிட்டார், சரியாகிவிட்டது. மதும்பி (சேப்பங்கிழங்கு) வேண்டுமானாலும் இருக்கிறது, ஆனால் அது மாவுச்சத்து, ஒரு துண்டுக்கு மேல் உங்களுக்கு இடம் இருக்காது என்று நினைக்கிறேன்.

---

மாரிட்ஸ்பர்க்_அக்கா | செவ்வாய், காலை 9.00

கீரையைப் படித்ததும் எழுதத் தோன்றியது. எனக்கு மலச்சிக்கலுக்கு இசப்கோல் சொன்னார்கள். நான் அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடித்து, அது நெஞ்சில் களிமண் மாதிரி உட்கார்ந்துவிட்டது. அதைக் குடித்தால் ஒரு முழு டம்ளர் தண்ணீரும், அதன் மேல் இன்னொன்றும் வேண்டும். ஊசி தாகத்தையும் குறைத்துவிடுகிறது, பசி மாதிரியே தாகமும் தெரிவதில்லை. நான் ஒன்றரை லிட்டர் பாட்டிலைக் காலையில் நிரப்பி மேசை மேல் வைக்கிறேன், ராத்திரிக்குள் காலியாக வேண்டும். மடக்கு மடக்காக.

அப்புறம் கூழ். மாரியம்மனுக்கு ஊற்றுகிற அதே மீலி மாவுக் கூழ், அமாசி விட்டது. குமட்டல் நாளில் எனக்கு வேறு எதுவும் இறங்காது, அந்தப் புளிப்பும் குளிர்ச்சியும் மட்டும் இறங்கும். கூழ் வெறும் மாவுச்சத்து என்று மகள் சண்டை போடுகிறாள். நர்ஸ் அம்மா என்ன சொல்கிறீர்கள்?

---

மெரிபேங்க்_நர்ஸ் | செவ்வாய், காலை 11.15

மகள் சொல்வதும் சரி, நீங்கள் குடிப்பதும் சரி. மாவைக் குறைத்து அமாசியைக் கூட்டுங்கள். ஒரு கப் அமாசியில் 8 கிராம் புரதம் இருக்கிறது. அதில் இரண்டு மேசைக்கரண்டி பால் பவுடர் கலந்தால் இன்னொரு 5 கிராம். புரதப் பவுடர் டின்னுக்கு முந்நூறு நானூறு ரேண்ட் கொடுக்க முடியாதவர்களுக்கு இதுதான் என் யோசனை. பருப்பிலும் கலக்கலாம், தெரியாது. புளிக்க வைத்த கூழ் குளிர்ந்திருந்தால் வாசனையும் எழும்பாது. குமட்டல் இருக்கிறவர்கள் சூடான கறியை விட ஆறிய சாப்பாட்டைப் பொறுத்துக்கொள்வார்கள், வாசனைதான் முதலில் வயிற்றைப் புரட்டுகிறது.

அசைவம் சாப்பிடுகிற மாதங்களில் டின் மீனை மறக்காதீர்கள். தக்காளி வெங்காயத்தோடு கொஞ்சம் எண்ணெயில் சட்னியாக வதக்கினால் மெல்ல வேண்டிய வேலையே இல்லை. உள்ளங்கை அளவில் 17, 18 கிராம் புரதம், முள்ளையும் மசித்துச் சாப்பிட்டால் கால்சியம். பல் போனவர்களுக்கு இதை விட நல்லது எனக்குத் தெரியவில்லை.

---

வெருலம்_வாசகி | செவ்வாய், மாலை 4.40

என் கணவருக்கு 70, ஊசி ஆரம்பித்து ஒரு மாதம். அவருக்குச் சிறுநீரகம் மூன்றாம் நிலையில் இருக்கிறது. இதையெல்லாம் படித்துவிட்டு நேற்று மூன்று வேளையும் முட்டையும் கோழியுமாகக் கொடுத்துவிட்டேன். தவறா?

இன்னொன்று, எங்கள் தெருவில் ஒரு பியூட்டி சலூனில் இதே மருந்தைச் சின்னக் குப்பியில் பாதி விலைக்குக் கொடுக்கிறார்கள். வாங்கலாமா?

---

மெரிபேங்க்_நர்ஸ் | செவ்வாய், மாலை 6.00

ஒரு நாளில் ஒன்றும் ஆகிவிடாது, பயப்படாதீர்கள். ஆனால் நான் அக்காவுக்குச் சொன்ன கணக்கு உங்கள் கணவருக்குப் பொருந்தாது. அந்த நிலையில் புரதம் அதிகமானாலும் கெடுதல், ஒரேயடியாகக் குறைந்தாலும் கெடுதல். சிறுநீரக டாக்டர், டயட்டீஷியன் இருவரும் சேர்ந்து அளவு சொல்ல வேண்டும். அரசு ஆஸ்பத்திரியிலும் டயட்டீஷியன் இருப்பார், கேட்டு வாங்குங்கள். போகும்போது அவர் மூன்று நாள் சாப்பிட்டதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

சலூன் குப்பி வேண்டவே வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது, எந்தக் குளிரில் வைத்திருந்தார்கள், யாருக்குத் தெரியும்? போலி மருந்து பற்றி சாப்ராவே (இங்குள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) எச்சரிக்கை கொடுத்திருக்கிறது. டாக்டர் சீட்டு, பதிவு பெற்ற மருந்தகம், அவ்வளவுதான்.

---

லெனேசியா_மகள் | புதன், இரவு 8.30

சாப்பாட்டோடு சேர்ந்த இன்னொரு விஷயத்தை யாரும் பேசவில்லை. வீட்டில் சமைத்துப் போடுகிறவர்களின் மனது.

அம்மா தட்டை ஒதுக்கி வைத்தபோது எனக்கு அழுகை வந்தது. நம் வீடுகளில் "சாப்பிட்டாயா" என்பதுதான் நலம் விசாரிப்பு. யாராவது வந்தால் ப்ரேயாணி தட்டு நிறைய வைத்து, "இன்னும் கொஞ்சம்" என்று கரண்டியோடு நிற்போம். அவர் வேண்டாம் என்றால் என்னையே வேண்டாம் என்று சொல்வது மாதிரி இருந்தது. உறவுக்காரர்களோ முகம் வற்றிவிட்டதே, என்ன வியாதி என்று கேட்டார்கள். அம்மா கல்யாண வீடுகளுக்குப் போவதையே நிறுத்தினார்.

இப்போது அம்மாவுக்குக் காப்பி சாசர் அளவுத் தட்டு. அதில் வைப்பதை முடிப்பார். இரண்டரை மணி நேரம் கழித்து இன்னொரு சாசர். ஒரு நாளில் ஐந்து தடவை. காலி சாசரைப் பார்க்கும்போது என் மனதும் நிறைகிறது. ஊசி நாளையும் மாற்றினோம். முன்பு வெள்ளி போட்டார், சனி ஞாயிறு குமட்டல், அதே நாள்தான் பேரப்பிள்ளைகள் வருவார்கள். டாக்டரைக் கேட்டுத் திங்கட்கிழமைக்கு மாற்றினோம். செமாகுளுடைடு என்றால் இரண்டு ஊசிக்கு நடுவில் குறைந்தது இரண்டு நாள் இருக்க வேண்டும் என்றார், டிர்செபடைடு என்றால் மூன்று நாள். இப்போது ஞாயிற்றுக்கிழமை அம்மா மேசையில் உட்கார்ந்து எல்லோரோடும் சாப்பிடுகிறார்.

---

ஃபீனிக்ஸ்_தாத்தா | வியாழன், காலை 5.55

சாசர் யோசனை நன்றாக இருக்கிறது, இன்றே மனைவியிடம் சொல்கிறேன். எனக்கு ஒரு சந்தேகம். புரதம் சாப்பிட்டால் மட்டும் தசை வந்துவிடுமா? என் பிசியோதெரபிஸ்ட் நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காரச் சொன்னார். ஐந்து தடவை செய்ய 15 வினாடிக்கு மேல் ஆனால் கால் பலம் குறைவு என்று அர்த்தமாம். எனக்கு 21 ஆனது. இப்போது தினமும் இரண்டு வேளை பத்து பத்தாக எழுந்து உட்காருகிறேன், இரண்டு லிட்டர் பால் ஜாடியில் தண்ணீர் நிரப்பித் தூக்குகிறேன்.

---

மெரிபேங்க்_நர்ஸ் | வியாழன், காலை 7.30

வராது அண்ணா. புரதம் செங்கல், இந்தப் பயிற்சி கொத்தனார். இரண்டும் வேண்டும். வெறும் நடை இருதயத்துக்கு நல்லது, தொடைத் தசைக்குப் போதாது. அக்கா, நீங்களும் இன்றே நேரம் பார்த்து எழுதுங்கள். முதல் சில நாள் பக்கத்தில் யாராவது நிற்கட்டும், நாற்காலி சுவரை ஒட்டி இருக்கட்டும்.

---

சாட்ஸ்வர்த்_ஆயா | சனி, இரவு 7.20 (ஐந்து வாரம் கழித்து)

புரட்டாசி இரண்டாவது சனி பூஜை முடித்துவிட்டு எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னியுங்கள்.

டாக்டரிடம் போனேன். கோயிலில் நடந்ததைச் சொன்னதும் கிளிக்லசைடை நிறுத்திவிட்டார், அழுத்த மாத்திரையைப் பாதியாக்கினார். சிறுநீரகம் சரியாக இருக்கிறது, பி12 குறைவு, அதற்கு மாதம் ஒரு ஊசி. செமாகுளுடைடை 1 மில்லிகிராமிலேயே வைத்திருக்கிறார், மேலே ஏற்றவில்லை. எடை வேகமாக இறங்கினால் பித்தப்பையில் கல் வரலாம் என்றும் சொன்னார். முழுநாள் விரதம் இந்த வருடம் இல்லை. பெருமாளுக்கு என் நிலைமை தெரியும். சனிக்கிழமை ஒரு வேளை உப்பில்லாமல் சாப்பிடுகிறேன், அதுவே என் விரதம்.

இப்போது என் சாப்பாடு இது. காலையில் கூழ், ஒரு கப் அமாசியும் பால் பவுடரும் சேர்த்து. பத்தரைக்கு ஒரு கைப்பிடி வேக வைத்த வேர்க்கடலை. மத்தியானம் முக்கால் கப் சுகர் பீன்ஸ், சின்னத் துண்டு பனீர், முளைக்கீரை. கீரை டொங்காட் தம்பி கொடுத்து அனுப்பியது, மகன் போய் வாங்கி வந்தான், ஒரு மூட்டை. நாலு மணிக்கு ஒரு டம்ளர் பால். ராத்திரி சோயா மின்ஸ் கொஞ்சம், பாதி ரொட்டி. மருமகள் பொட்டலத்தைப் பார்த்துப் பார்த்துக் கணக்குப் போடுகிறாள், 64 கிராம் வருகிறது. 75 இன்னும் தொடவில்லை. சோறு மூன்று கரண்டி, மத்தியானம் மட்டும்.

ஹெரிட்டேஜ் டே விடுமுறை அன்று பக்கத்து வீட்டில் எல்லோரும் ப்ராய் (நெருப்பில் இறைச்சி சுடுவது) போட்டார்கள். புகை வாசனை வந்தது, எனக்குக் குமட்டவும் இல்லை, ஆசையும் வரவில்லை. மருமகள் எனக்காக மக்காச்சோளமும் பனீரும் தனி அடுப்பில் சுட்டுக் கொடுத்தாள். ஒரு சாசர்.

எடை 75.5. நாற்காலி கணக்கு முதல் நாள் 23 வினாடி, இன்று காலை 17. இன்று பூஜையில் நாற்காலி வேண்டாம் என்று பாயில்தான் உட்கார்ந்தேன். எழுந்தபோது ஒரு கையைத் தரையில் ஊன்ற வேண்டியிருந்தது, யாரும் தூக்கிவிடவில்லை.

லெனேசியாப் பெண்ணே, ஒன்று கேட்க வேண்டும். கடைசி சனிக்கு வீட்டில் இருபது பேர் வருகிறார்கள். எண்ணெயில் பொரிக்காமல் பருப்பு வடை மாதிரி ஏதாவது செய்ய முடியுமா? ஆவியில் வேக வைத்தால் உதிர்ந்துவிடுகிறது.

---

லெனேசியா_மகள் | சனி, இரவு 8.05

ஆயா, 17 வினாடியா! அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன்.

கடலைப் பருப்பை இரண்டு மணி நேரம் மட்டும் ஊற வையுங்கள், அதற்கு மேல் ஊறினால்தான் உதிரும். தண்ணீர் விடாமல் கரகரப்பாக அரைத்து, ஒரு கைப்பிடியை மட்டும் மையாக அரைத்துச் சேருங்கள், அது பிடித்துக்கொள்ளும். சோம்பு, வெங்காயம், முருங்கைக்கீரை. தட்டையாகத் தட்டி ஆவியில் 12 நிமிடம், ஆறிய பிறகு தோசைக்கல்லில் எண்ணெய் தடவி இரண்டு பக்கமும் சிவக்க விடுங்கள். ஆறும் முன் கல்லில் போடாதீர்கள். வருகிறவர்களுக்குப் பொரித்ததையும் செய்யுங்கள், உங்களுக்கு இது இரண்டு.